பட்டமும் லைன் வீடும்: நீலகிரியில் உயர்கல்வியின் பொருளாதார ஆதாயம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வியால் ஒருவர் பெறும் ஆதாயத்தைப் பொருளியலார் பெரும்பாலும் ஊதிய வேறுபாட்டைக் கொண்டே அளந்துவந்துள்ளனர். நீலகிரி மலையில் ஒரே பட்டம் வெவ்வேறு குடும்பங்களுக்கு வெவ்வேறு ஆதாயத்தைத் தந்தது. அவ்வேறுபாட்டின் வேர் கல்லூரிக்கு வெளியே, அக்குடும்பங்கள் காலூன்றியிருந்த நிலத்திலும் குடியிருப்பிலும் அரசு ஆவணங்களிலும் இருந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். படகச் சிறு விவசாயிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் ஆகிய இரு மக்கட்பிரிவினரின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு அக்கருதுகோள் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, உயர்கல்வி, ஆதாய வீதம், படகர், தாயகம் திரும்பியோர், டேன்டீ, லைன் வீடு, பசுந்தேயிலை.

முன்னுரை

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் வாழ்ந்தனர். 2011இல் அவ்வெண்ணிக்கை 7,35,394 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 விழுக்காட்டுக்கும் மேல் பெருகியிருந்தது. மாவட்டத்தின் எழுத்தறிவோ 80.01 விழுக்காட்டிலிருந்து 85.20 விழுக்காடாக உயர்ந்து, மாநிலச் சராசரியான 80.09 விழுக்காட்டை விஞ்சி நின்றது. படிப்பு ஏறிய மாவட்டம் ஆட்களை இழந்தது என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம். மக்கள்தொகை குறைந்ததற்குக் கல்வி மட்டுமே காரணமன்று. பிறப்பு வீதம் குறைந்ததும், தேயிலை விலை சரிந்ததும், தோட்ட வேலைகள் சுருங்கியதும் சேர்ந்தே அந்த எண்ணிக்கையை உருவாக்கின. ஆயினும், கல்வியின் ஆதாயம் எங்கே விளைகிறது, யார் கைக்கு வருகிறது, அதன் செலவை யார் சுமக்கிறார் என்னும் வினாக்களை எழுப்புவதற்கு இவ்விரு எண்களும் போதுமானவை.

இவ்வினாக்களை ஊதியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு மட்டும் அணுகினால் பாதி விடையே கிடைக்கும். மீதியை மலையின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

ஆதாயக் கணக்கின் வரலாறு

கல்வியை முதலீடாகக் காணும் நோக்கு பழையது. எனினும், அதற்கு இன்றைய கணித வடிவம் கிடைத்தது 1960களில்தான். 1960இல் அமெரிக்கப் பொருளியல் கழகத்தின் தலைவராகத் தியடோர் ஷுல்ட்ஸ் ஆற்றிய உரையும், 1964இல் வெளிவந்த கேரி பெக்கரின் 'மனித மூலதனம்' என்னும் நூலும் அதற்கு அடித்தளமிட்டன. 1974இல் ஜேக்கப் மின்சர் ஊதியத்தையும் பள்ளி ஆண்டுகளையும் பணி அனுபவத்தையும் ஒரே சமன்பாட்டில் பிணைத்தார். அது முதல் 'ஓராண்டுக் கூடுதல் படிப்பு ஊதியத்தை எத்தனை விழுக்காடு உயர்த்துகிறது' என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்வியாயிற்று. ஜார்ஜ் சாக்கரோபோலஸ் 1973 முதல் பல நாடுகளின் விடைகளைத் தொகுத்துவந்தார். அவரும் ஹாரி பட்ரினோசும் 2018இல் வெளியிட்ட தொகுப்பின்படி உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு.

இக்கணக்கு கொள்கையையும் வழிநடத்தியது. வளரும் நாடுகளில் தொடக்கக் கல்வியே மிகுந்த ஆதாயம் தருவது என்ற முடிவை முன்வைத்து, 1980களிலும் 1990களிலும் உலக வங்கி உயர்கல்வியைப் பின்னுக்குத் தள்ளியது. 2000இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய பணிக்குழு, வளரும் நாடுகளின் உயர்கல்வி குறித்த தன் அறிக்கையில் அந்நிலைப்பாட்டின் குறுகிய நோக்கைச் சுட்டிக்காட்டியது.

இந்தியாவைப் பொறுத்தவரை இன்றும் படிக்கத்தக்கது, மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மோரின் உட்ஹால் ஆகியோர் 1969இல் வெளியிட்ட பட்டதாரி வேலையின்மை பற்றிய நூல். பட்டதாரிகள் வேலையின்றித் தவிக்கும்போதும் கல்லூரியை நாடுவோர் தொகை ஏன் குறையவில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்பதால், சமூகத்துக்குக் கிடைக்கும் ஆதாயத்தைவிடத் தனிமனிதருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகுதி. ஆகவே சில காலம் வேலைக்குக் காத்திருந்தாலும் பட்டம் இலாபமே என்று அவர்கள் விளக்கினர். இவ்விளக்கத்தில் 'காத்திருத்தல்' என்னும் சொல்லை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். காத்திருப்பதற்கு ஒருவருக்குச் சோறும் கூரையும் வேண்டும். அவற்றை யார் தருகிறார் என்பதை அந்நூல் குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. பின்னாளில் ஜந்த்யாலா திலக் 1987இல் எழுதிய, கல்விச் சமமின்மையின் பொருளியல் குறித்த நூல், சாதியும் பாலும் ஆதாயத்தை எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்பதைக் கணக்கில் கொண்டது. நீலகிரியில் அவ்வரிசையில் நிலத்தையும் வீட்டையும் சேர்க்க வேண்டியுள்ளது.

மலையில் பள்ளி, சமவெளியில் கல்லூரி

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் 'கல் பங்களா' எனப்பட்ட தம் வீட்டைக் கட்டினார். 1846இல் பேசல் மிஷன் கேத்தியில் காலூன்றிப் படகர் ஊர்களில் பள்ளிகளைத் தொடங்கியது. 1858இல் ஆங்கிலேயப் படைவீரரின் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் காப்பகம் தோன்றியது. இன்றைய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி அதன் தொடர்ச்சியே. 1868இல் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆணையரின் கீழ் வந்தது. 1882இல் ஆட்சியர் மாவட்டமாயிற்று. இந்நூற்றாண்டு முழுவதும் மலை பள்ளிகளுக்குப் பெயர்பெற்றதாயிற்று. ஆனால் அப்புகழ்பெற்ற விடுதிப் பள்ளிகள் வெளியூர்ப் பிள்ளைகளை மலைக்குக் கொண்டுவந்தனவே அன்றி, மலையின் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லவில்லை. குளிர்ந்த காற்றுக்காக அங்கு நிறுவப்பட்ட பள்ளிகளுக்கும் அக்காற்றில் கிழங்கு நட்டவர்களுக்கும் தொடர்பு குறைவு.

பொதுப் பட்டப்படிப்புக்கு அரசு மலையிலேயே வழிசெய்தது 1955இல், உதகை அரசு கலைக் கல்லூரியைத் தொடங்கியபோது. அக்கல்லூரி சல்லிவனின் கல் பங்களா வளாகத்திலேயே இயங்கிவருகிறது. 1966இல் குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி வந்தது. அவற்றுக்கு முன்னர்ப் பட்டம் என்றால் மலையிறக்கம் என்றே பொருள்: மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விடுதிச் செலவைத் தாங்கிப் படிக்க வேண்டும். இச்செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சில.

முதற் பட்டதாரியும் கூட்டுறவுச் சங்கமும்

அத்தகைய சில குடும்பங்களுள் ஒன்று ஹுப்பதலை பெள்ளி கவுடருடையது. மலை இரயில் பாதைப் பணியில் ஒப்பந்தக்காரராயிருந்து பொருளீட்டியவர் அவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் இரயில் வந்தது. அவருடைய மகன் ஆரி கவுடர் படகருள் முதல் பட்டதாரி என்று அறியப்படுகிறார். சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினராயிருந்தார்.

ஆதாயக் கணக்கின்படி ஆரி கவுடரின் பட்டத்துக்கு என்ன மதிப்பு? அவர் ஊதியத்துக்குப் பணியாற்றியவர் அல்லர். ஆகவே மின்சர் சமன்பாட்டில் அவர் இடம்பெறவே மாட்டார். ஆனால் 1935இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. அதற்கு முன்னர் மலையின் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்து மண்டிகளில் தரகர் சொன்ன விலைக்குப் போயிற்று. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே விலையையும் எடையையும் தீர்மானித்தார். கணக்கேடு, சட்டவிதி, அரசு அலுவலகக் கடிதப் போக்குவரத்து ஆகிய மூன்றையும் கையாளத் தெரிந்த ஒருவர் அவ்விடத்தில் தேவைப்பட்டார். ஒருவர் படித்ததன் பயன் ஆயிரக்கணக்கான ஹட்டிக் குடும்பங்களின் கிழங்கு விலையில் வந்து சேர்ந்தது. பொருளியலார் இதனைப் 'புறவிளைவு' என்று பெயரிட்டு, அளத்தற்கு அரிது என்று ஒதுக்கிவிடுவர். அளத்தற்கு அரிது என்பது உண்மை. எனினும், மலையில் உயர்கல்வியின் முதல் பெரும் ஆதாயமே அந்த வடிவில்தான் வந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஒதுக்க இயலாது. 1962இல் நீலகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அக்கம்மா தேவியின் வாழ்வையும் இவ்வகையில் வைத்து எண்ணலாம். படகப் பெண்களுள் முதல் பட்டதாரி என்று சொல்லப்படுபவர் அவர்.

பட்டம் ஒரு சில குடும்பங்களைக் கடந்து பரவியதற்கு வேறொரு காரணம் உண்டு. அதற்கும் கல்விக் கொள்கைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. கிழங்கு நம்பத்தகாத பயிராயிற்று. அதே பத்தாண்டில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன; 1965இல் அவற்றின் இணையமாக இண்ட்கோசர்வ் உருவானது. கிழங்கு நிலங்கள் மெல்லத் தேயிலையாக மாறின.

இம்மாற்றம் கல்வியின் கணக்கை எவ்வாறு மாற்றிற்று என்பது போதிய அளவு பேசப்படவில்லை. கிழங்கு பருவப் பயிர். ஒவ்வொரு போகத்துக்கும் விதை, உரம், ஆள், மேற்பார்வை வேண்டும். வீட்டில் ஆண் ஒருவர் மண்ணோடு இருந்தாக வேண்டும். தேயிலையோ நட்டால் பல பத்தாண்டுகள் நிற்பது. கொழுந்து பறிப்பதற்குக் கூலியாள் கிடைத்தால் நிலத்துக்குரியவர் ஊரில் இல்லாமலும் இருக்கலாம். மாதந்தோறும் பசுந்தேயிலைக்குப் பணம் வரும். அது கல்லூரி விடுதிக் கட்டணத்தைப் போல மாதக் கணக்கிலேயே வருவது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை, கோயம்புத்தூரில் படிக்கும் மகனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியைப் போல இருந்தது. படிப்பு முடிந்து வேலை கிடைக்க இரண்டாண்டு ஆயினும் அந்த நிலம் அவனைத் தாங்கியது. பிளாக் குழுவினர் குறிப்பிட்ட காத்திருப்புக்கு இங்குத் தேயிலைச் செடியே பிணை நின்றது.

அப்பிணை 1998க்குப் பின் ஆட்டம் கண்டது. சோவியத் ஒன்றியம் கலைந்ததால் நீலகிரித் தேயிலையின் பெரும் சந்தை நிலைகுலைந்திருந்தது. உலகச் சந்தையில் மலிவுத் தேயிலை குவிந்தது. பசுந்தேயிலை விலை கிலோவுக்கு ஒற்றை இலக்க ரூபாய்க்கு வீழ்ந்தது. பறிகூலிக்கும் பற்றாத நாட்கள் இருந்தன. தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரிகள் மிக விரைவாகப் பெருகிய காலமும் அதுவே. கேத்தியிலேயே 1998இல் ஒன்று தொடங்கப்பட்டது. கட்டணம் ஏறிய வேளையில் கட்டணம் கட்டும் வருவாய் இறங்கியது.

இங்கு ஆதாயக் கணக்கின் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஆதாயம் என்பது படித்தவரின் வருவாய்க்கும் படிக்காதவரின் வருவாய்க்கும் உள்ள இடைவெளி. பசுந்தேயிலை விலை சரிந்தால் படிக்காமல் மலையில் தங்கியவரின் வருவாய் சரியும். பட்டதாரியின் ஊதியம் ஒரு ரூபாயும் உயராமலே பட்டத்தின் 'ஆதாயம்' ஏட்டில் உயர்ந்துவிடும். விவசாயம் நொடிந்த மாவட்டத்தில் கல்வியின் ஆதாய வீதம் மிகுந்து காணப்பட்டால், அது கல்லூரியின் சிறப்பைக் காட்டுகிறதா, நிலத்தின் வீழ்ச்சியைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். பெங்களூருவுக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிய இளைஞர் பலரைக் கல்வி இழுத்தது என்பதைவிடத் தேயிலை தள்ளியது என்பதே பொருந்தும்.

செக்ரோலும் லைன் வீடும்

மலையின் மறுபக்கம் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோருடையது. இவர்களுள் பெருந்தொகையினர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறிவந்தவர்கள் சமவெளியில் சிறுதொழில் கடனும் கூலி வேலையுமாக அலைந்து, தாம் அறிந்த தொழிலைத் தேடி மலையேறினர். அவர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டேன்டீ) என்னும் நிறுவனமாயிற்று.

அவர்கள் கொண்டுவந்த கல்வி என்ன? இலங்கையில் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி 1945 முதல் நடப்பிலிருந்தும், தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசின்கீழ் வரும்வரை அதன் விளிம்பிலேயே கிடந்தன. ஓராசிரியர், ஓரறை, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரை. இந்தியாவிலும் தோட்டச் சட்டத்தின் கற்பனை அதிகம் நீளவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவு, 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேலிருந்தால் கல்வி வசதியைத் தோட்ட உரிமையாளர் செய்துதர வேண்டும் என்று விதிகள் இயற்ற மாநில அரசுக்கு இடமளித்தது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு 12 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் சட்டம் வரைந்தவர்கள் தோட்டத்துப் பிள்ளையின் வாழ்வை எவ்வாறு கண்டனர் என்பது விளங்கும்: பள்ளி முடியும் வயதே பறிப்புக்குச் செல்லும் வயது. இருபத்தொரு வயதில் பட்டம் பெறும் ஒருவரை அச்சட்டம் எண்ணிப்பார்க்கவில்லை. 24ஆம் பிரிவு 1986இல் நீக்கப்பட்டது.

ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயினர். அரசுப் பள்ளி, சத்துணவு, இலவசப் பேருந்து அட்டை, கல்வி உதவித்தொகை, 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் எனத் தமிழ்நாட்டின் நலத்திட்டங்கள் படிப்படியாக அவ்வழியைச் செப்பனிட்டன. 2021–22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்கத் தமிழ்நாட்டின் விகிதம் 47 ஆக உயர்ந்திருந்ததற்கு இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளும் காரணம்.

நேரடிச் செலவு குறைந்தது. கணக்கின் மறுபாதியான 'துறந்த வருவாய்' இருக்கிறது. மாணவர் படிக்கும் ஆண்டுகளில் வேலை செய்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய கூலியே அது என்பது பாடநூல் விளக்கம். தோட்டத்தில் இவ்விளக்கம் போதாது. ஏனெனில் தோட்ட வேலை கூலியை மட்டும் தருவதில்லை; லைன் வீட்டையும் தருகிறது. செக்ரோல் எனப்படும் பெயர்ப்பதிவேட்டில் குடும்பத்தில் ஒருவர் பெயராவது இருக்கும்வரை வீடு உண்டு. பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். ஆகவே குடும்பம் தீர்மானிக்க வேண்டியது, இந்தப் பிள்ளையைப் படிக்கவைப்பதா என்பது மட்டுமன்று. யார் பெயர் செக்ரோலில் நிற்பது என்பதும்தான்.

ஒரு தொழிலாளி 30 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறுகிறார் என்று கொள்வோம். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் ஊதியத்தைத் தந்தது. ஆக 450 நாள் கூலி. வருங்கால வைப்புநிதி அதனுடன் சேரும். அவர் அத்தொகையைப் பெறும் வேளையில்தான் வீட்டையும் காலிசெய்ய வேண்டும். சுற்றுலாவும் விடுதிகளும் மனை விலையை ஏற்றிவிட்ட மலையில் 450 நாள் கூலி எத்தனை சதுர அடியை வாங்கும்? ஆகவே பிள்ளைகளுள் ஒருவர், பெரும்பாலும் பெண், பெற்றவருக்குப் பின் பறிப்புக் கூடையை ஏற்றாக வேண்டிய நிலை எழுகிறது. மற்றவர் கல்லூரிக்குச் செல்வது அதனால்தான் இயல்கிறது.

ஆதாயக் கணக்கு பட்டதாரியைத் தனியாளாக எண்ணுகிறது. அவருடைய ஊதியத்தை வரவிலும் அவர் துறந்த கூலியைச் செலவிலும் எழுதுகிறது. அக்காவின் படிப்பு நின்றதும், கூரையைக் காக்க அவள் செக்ரோலில் பெயர் கொடுத்ததும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. தம்பியின் பட்டத்துக்கு அவளே மறைமுதலீட்டாளர். இதனைக் கணக்கில் சேர்த்தால் தோட்டக் குடும்பத்தில் உயர்கல்வியின் தனியார் செலவு அறிக்கைகள் காட்டுவதைவிடப் பன்மடங்கு கூடும். நிகர ஆதாயம் அதற்கேற்பக் குறையும். நிலமுள்ள ஹட்டிக் குடும்பத்துக்கும் இத்தகைய விட்டுக்கொடுத்தல்கள் உண்டு. ஆனால் அங்குப் படிக்காமல் நிற்பவர் நிலத்தைப் பெறுகிறார். இங்குப் படிக்காமல் நிற்பவர் பெறுவது இன்னும் 30 ஆண்டுகளுக்கான குடியிருப்பு அனுமதியை மட்டுமே.

காத்திருப்பும் இவ்விடத்தில் வேறு பொருள் கொள்கிறது. தேர்வாணையத் தேர்வுக்கோ ஆசிரியர் பணிக்கோ இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆயத்தம் செய்வது லைன் வீட்டுப் பட்டதாரிக்கு அரிது. கிடைத்த முதல் வேலையை, திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்திலோ கோயம்புத்தூர்க் கடையிலோ, அவர் ஏற்க நேர்கிறது. பட்டத்துக்குரிய வேலை அதுவன்று. பின்னர் ஊதியக் கணக்கெடுப்பு அவரைக் குறைந்த ஆதாயம் பெற்ற பட்டதாரி என்று பதிவுசெய்யும். கல்லூரியின் தரக்குறைவு அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். தரத்தில் குறை இருக்கலாம். ஆயினும் அதே வகுப்பில் அதே ஆசிரியரிடம் படித்த நிலமுள்ள வீட்டு மாணவர் மூன்றாண்டு காத்திருந்து நல்ல பணியை அடையக்கூடுமெனில், குறை முழுவதையும் வகுப்பறையில் தேடுவது நேர்மையாகாது.

தாள்களின் விலை

ஆதாயத்தை அறுதியிடும் மூன்றாவது காரணி ஆவணம். தாயகம் திரும்பியோருள் பட்டியலினத்தார் மிகுதி; 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியலினத்தார் 32 விழுக்காடாக இருப்பதற்கு அவர்களது குடியேற்றம் ஒரு முக்கியக் காரணம். இலங்கை ஆவணங்களில் சாதிக் குறிப்பு இல்லாமையால் சாதிச் சான்றிதழ் பெறுவதில் அவர்கள் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். சான்றிதழ் இல்லையேல் இட ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகையும் இல்லை. கல்லூரி இடத்தின் விலையையும் அரசுப்பணியின் வாய்ப்பையும் ஒரே தாள் தீர்மானித்தது.

கூடலூர்ப் பகுதியில் இன்னொரு தாள்ச் சிக்கல் உண்டு. 1969ஆம் ஆண்டுக் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குட்பட்ட நிலங்களின் உரிமை பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடந்தது. அங்கு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. 2001இல் வகுக்கப்பட்ட கல்விக்கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. 2015இல் வந்த கடன் உத்தரவாத ஏற்பாட்டுக்குப் பின் அவ்வரம்பு 7.5 லட்சமாயிற்று. அதற்கு மேற்பட்ட செலவுடைய படிப்புகளுக்கு அடைமானம் வேண்டும். பட்டா உள்ளவர் மகள் மருத்துவம் படிக்கக் கடன் பெறுவார். பட்டா இல்லாதவர் மகள் கடன் வரம்புக்குள் அடங்கும் படிப்பைத் தேர்வாள். பின்னர் இருவருடைய ஊதியத்தையும் ஒப்பிட்டு 'படிப்பின் வகையால் ஆதாயம் வேறுபடுகிறது' என்று முடிவுகட்டினால், தேர்வுக்கு முன்னரே நடந்த தேர்வை நாம் காணத் தவறியவராவோம்.

மலையிறங்கும் ஆதாயம்

பட்டத்துக்கேற்ற வேலை மலையில் அறவே இல்லாமலில்லை. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம், எல்லநள்ளி ஊசித் தொழிற்சாலை, உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆகியவை தலைமுறைகளுக்கு மாதச் சம்பளம் தந்தன. 1960இல் தோன்றி 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய போட்டோ பிலிம்ஸ், பட்டயமும் பட்டமும் பெற்ற மலை இளைஞருக்கு ஊரிலேயே கௌரவமான வேலை உண்டு என்னும் நம்பிக்கையை ஏற்படுத்தியது. 1996இல் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பசுந்தேயிலை விலை சரிவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் அது நிகழ்ந்தது. படித்தவருக்கான வாயிலும் படிக்காதவருக்கான வாயிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குறுகின. 2001–2011 பத்தாண்டின் மக்கள்தொகைக் குறைவை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். இன்று தோட்டங்களில் ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் கொழுந்து பறிக்கின்றனர். உள்ளூரார் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்து விடுவித்துக்கொண்ட வேலையை, கல்வி வாய்ப்புக் குறைந்த வேறொரு மாநிலத்தார் ஏற்றுள்ளனர்.

ஆதாயம் மலையிலேயே தங்கிய எடுத்துக்காட்டுகளும் உள. கூடலூரில் 1990 முதல் இயங்கும் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை, பணியர், பெட்டக்குறும்பர் முதலிய பழங்குடிப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றி அங்கேயே பணியமர்த்தியது. அவர்களுடைய ஊதியம் நகரத்துச் செவிலியர் ஊதியத்துக்கு ஈடாகாமலிருக்கலாம். பேறுகாலத்தில் தம் மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் நிற்பதன் மதிப்பு எந்த ஊதியத் தரவிலும் இல்லை. 2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று நீலகிரியில் அமைந்தது. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடப்பில் உள்ளது. இவ்விரண்டும் சேர்ந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதைத் தரும் என்பதை, முதல் சில அணி மருத்துவர்கள் எங்குப் பணியாற்றத் தலைப்படுகிறார்கள் என்பதைக் கொண்டே கூற இயலும்.

இதற்கிடையில் அடித்தளமே அசைந்துகொண்டிருக்கிறது. டேன்டீயின் தோட்டங்கள் வனத்துறையிடமிருந்து பெற்ற நிலத்தில் எழுந்தவை. நட்டமும் ஆள் பற்றாக்குறையும் காரணமாக அவற்றுள் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடமே திருப்பியளிக்க 2022இல் அரசு ஆணையிட்டது. தோட்டம் சுருங்கினால் செக்ரோல் சுருங்கும். செக்ரோல் சுருங்கினால் லைன் வீட்டை நம்பிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முகவரியே கேள்விக்குள்ளாகும். அந்நிலையில் ஆய்வாளர் உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தோட்டக் கோட்ட அலுவலகங்களில் செக்ரோல் ஏடுகளும் வீட்டு ஒதுக்கீட்டுப் பதிவுகளும் உள்ளன. அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகளும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளும் உள்ளன. ஒரே குடும்பத்தின் பெயர்களை இரண்டு ஏடுகளிலும் தொடர்ந்து பார்த்தால், எந்த ஆண்டில் எந்தப் பிள்ளை பள்ளியை விட்டது, அதே ஆண்டில் யார் பெயர் செக்ரோலில் ஏறியது, யார் கல்லூரிக்குப் போனார் என்பது வரிசையாகத் தெரியவரும். அலுவலகங்கள் மூடப்படுவதற்கு முன் அவ்வேடுகளைப் படியெடுத்தாக வேண்டும்.